சேலை மாற்றும் நேரம்

"தம்பி, நீங்க அப்படிப் போயி பூவரசு மூட்டுல இருங்க. முடிஞ்சதும் கூப்பிடுதோம்" என்று சொல்லிக்கொண்டே சலேத்தம்மாள் கோயில் கதவின் இரண்டாவது பலகையையும் இழுத்துச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. தன் சொந்தக் கேமராவை உள்ளே விட்டுவிட்டுத் தொபியாஸ் வெளியே நின்றான். பாளையங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்த நாளிலிருந்து கல்யாணப் பந்தல், காது குத்து, பிரேத ஊர்வலம் என்று எங்கெங்கோ போய் நின்றிருக்கிறான். படம் உள்ளே நடக்க, படம் எடுக்கிறவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியது இந்தச் சங்குமேட்டில்தான். கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. மூன்று நாளாக இந்த மாதா கோயிலின் உட்புறத்தை முழம் முழமாக எடுத்துக்கொண்டிருக்கிறான். கடலோரத்துப் பழைய கோயில்களைப் படமாகப் பதிந்து வைக்க ஒரு குழு கிளம்பியிருக்கிறது. மொத்தப் பீடத்தையும் ஒரே படத்தில் அமுக்கிக் கொடுத்தால் அவர்களுக்கு ஆகாது. நீள லென்ஸைப் போட்டு, ஒன்றின் ஓரம் அடுத்ததன்மேல் ஏறும்படி வரிசை வரிசையாகத் துண்டு துண்டாக எடுத்து, வீட்டில் கம்ப்யூட்டரில் வைத்து ஒட்ட வேண்டும். ஒட்டி முடித்த படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால், கூரை ஓவியத்தில் பறக்கிற சம்மனசின் இறகுக்குள் பெயிண்டர் விட்டுப்போன பிரஷ் முடி தெரியும். பீடத்தின் முன் கிராதியில், எந்தக் காலத்திலோ எவனோ பூசை நீண்டுபோன சலிப்பில் நகத்தால் கீறிய படகு தெரியும், படகுக்குப் பாய்கூட உண்டு. தொபியாஸுக்கு இந்த வேலை பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம். கல்யாண வீட்டில் இருப்பதையெல்லாம் மறைக்கச் சொல்வார்கள், மாப்பிள்ளையின் பருவில் தொடங்கி மாமியாரின் தொந்திவரை. இங்கே இருப்பதை இருக்கிறபடி காட்டு என்கிறார்கள். கூரை முடிந்தது, பீடம் முடிந்தது, சாமியாரிடம் பாவம் சொல்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியின் ஓட்டைப் பலகைகூட முடிந்தது. மிச்சம் நடுமாடத்தில் நிற்கிற மாதா மட்டும்தான். அந்த மாதாவுக்குச் சேலை உடுத்தி வைப்பது இந்த ஊர் வழக்கம், சனிக்கிழமை தோறும் சேலை மாற்றுவார்கள். மாற்றும்போது உள்ளே பெண்கள்தான் இருக்கலாம், பங்குச்சாமியே ஆனாலும் வெளியே போய்விட வேண்டும். சேலைக்கு உள்ளே இருக்கிற மரத்தை இந்த ஊரில் ஓர் ஆணும் பார்த்ததில்லை. அதையா நீ படம் எடுக்கப் போகிறாய் என்று முதல் நாள் சலேத்தம்மாள் அவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஆனால் இரண்டாவது நாள் அவளே வந்தாள். "மாதாவுக்கு மேலுக்குச் சரியில்ல தம்பி" என்றாள், சொந்த மகளைப் பற்றிச் சொல்கிற குரலில். ஒரு மாதமாகச் சுரூபத்தின் காலடியில் மாவு மாதிரி மரத்தூள் உதிர்கிறது. திருவிழாவுக்குச் சப்பரத்தில் ஏற்றினால் தாங்குமா என்று யாருக்கும் தெரியவில்லை. குழுவில் மரச் சுரூபங்களைச் சீர்படுத்தத் தெரிந்த ஒரு பெண்மணி இருக்கிறார், படம் துல்லியமாக இருந்தால் பார்த்துச் சொல்லிவிடுவார் என்று தொபியாஸ் சொன்னான். சலேத்தம்மாள் தன் ஆட்களோடு பேசிவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னாள். எடுக்கிறதும் பொம்பளை, ஒட்டுறதும் பொம்பளை, பாக்கிறதும் பொம்பளை. ஒரே தடவைதான், சரியா வரலைன்னு ரெண்டாந் தடவை வந்து நிக்கப்படாது. அதனால்தான் இன்றைக்கு அவன் மனைவி ஜெனோவா வந்திருக்கிறாள்.

பூவரசு மூட்டில் நிழல் நன்றாகத்தான் இருந்தது. கடல் காற்று சட்டைக்குள் புகுந்து வெளியேறியது. உட்கார்ந்தவுடன் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று தோன்றுகிற இடம். தொபியாஸும் மூடினான். மூடிய கண்ணுக்குள் லென்ஸின் இடப்பக்கத்துச் சின்னப் பொத்தான் வந்து நின்றது. கையில் பிடித்து எடுக்கும்போது கை நடுக்கம் படத்தில் விழாமல் தாங்குவதற்காக உள்ள பொத்தான் அது. கேமராவை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டால் அதை அணைத்துவிட வேண்டும். அணைக்காவிட்டால் அந்த லென்ஸ் இல்லாத நடுக்கத்தைத் தேடித் தேடித் தானே நடுங்க ஆரம்பித்துவிடும். எட்டு வினாடி திறந்திருக்கிற ஷட்டருக்கு அந்த நடுக்கம் போதும், படம் பூராவும் கலங்கிவிடும். அணைத்தோமா? அணைத்திருப்போம். ஸ்டாண்டின் கால்களை விரித்தது ஞாபகம் இருக்கிறது. கனத்துக்கு மணல் பையைக் கட்டித் தொங்கவிட்டது ஞாபகம் இருக்கிறது. மாதாவின் மூக்குத்திக் கல்லில் ஃபோகஸ் பிடித்து, அது நகராமல் டேப் ஒட்டியது, ஒட்டும்போது டேப் விரலில் சிக்கிக்கொண்டது, எல்லாம் இருக்கிறது. பிறகு பொத்தான். கட்டைவிரல் அதன்மேல் போனது கண்ணில் தெரிகிறது, ஆனால் அது இன்றைய விரலா நேற்றைய விரலா? நேற்றும் அணைத்தான், முந்தாநாளும் அணைத்தான், விரல் எல்லா நாளும் ஒரே விரல். இன்று காலையில் மணிக்கூண்டுக்குள் கூடு கட்டியிருந்த சிட்டுக்குருவியைக் கையிலேயே பிடித்து எடுத்தோமே, அப்போது பொத்தானைப் போட்டோம். போட்டது நிச்சயம். அணைத்தது? அணைக்கப் போன நேரத்தில்தானே சலேத்தம்மாள் வந்து "ஆச்சா?" என்றாள்? அல்லது டேப் ஒட்டப் போன நேரத்திலா? குருவியால் வந்த வினை. குருவி எதற்கு? யார் கேட்டார்கள் குருவியை? உள்ளே முதல் 'டக்' கேட்டது. ஷட்டர் திறந்துவிட்டது. கோயில் சன்னல்கள் உயரத்தில் இருப்பதால் அந்தச் சத்தம் மேலே ஏறி வெளியே வந்து அவன் தலையில் விழுந்தது. அவனும் மூச்சை அடக்கிக்கொண்டான், ஏதோ அவன் மூச்சு விட்டால் உள்ளே ஸ்டாண்டு ஆடிவிடும் என்பதுபோல. இரண்டாவது 'டக்' வந்ததும் மூச்சு விட்டான்.

கோயில்பிள்ளை இஞ்ஞாசி மெழுகுதிரி குத்தும் பித்தளைத் தண்டுகளை வெளியே தூக்கிவந்து, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். மணி அடிப்பது, கோயிலைத் திறந்து பூட்டுவது எல்லாம் அவர்தான். சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று தொபியாஸும் ஒரு தண்டை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினான். பித்தளையும் புளியும் சேர்ந்த வாசனை நாக்கின் அடியில் ஊறியது. இந்த மனிதருக்கு எவ்வளவு நிம்மதி பாருங்கள், பொத்தான் எதுவும் கிடையாது, தேய்த்தால் பளபளக்கும், அவ்வளவுதான். "நீங்க பாத்ததே இல்லையா?" என்று கேட்டான். "எத?" "சேலை இல்லாம." இஞ்ஞாசி கையை நிறுத்திவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லாக் கேட்டிய போங்க" என்றார். பிறகு பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவரே தொடர்ந்தார். "எங்க அப்பா சொல்லுவாரு, உள்ள முழுக்கச் சந்தனக் கட்டைன்னு. எங்க மாமன் ஒருத்தரு, அதெல்லாம் கெடையாது, மூஞ்சியும் கையுந்தான் செஞ்சது, நடுவுல வெறுங்கம்புன்னாரு. ரெண்டு பேரும் அந்தச் சண்டையில பேச்சுவார்த்தை இல்லாமலே செத்துப் போனாவ." "உங்க வீட்டம்மா?" "அவா இப்பவும் உள்ளதான் இருக்கா. சலேத்துக்குக் கூட நின்னு உடுத்துறதே அவாதான்." "கேட்டதில்லையா?" "கேட்டேன், கல்யாணமான புதுசுல. ஒமக்குத் தெரிஞ்சு என்ன ஆகப் போவுதுன்னா. நானும் யோசிச்சுப் பாத்தேன்." இஞ்ஞாசி தண்டைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். "ஒண்ணும் ஆகப் போறதில்ல." அவர் சொன்ன விதத்தில் ஒரு குறையும் இல்லை. வயிறு நிறைந்தவன் இன்னொரு கை சோறு வேண்டாம் என்பதுபோலச் சொன்னார்.

டக். டக். ஜெனோவா ஒரு தாளம் பிடித்துவிட்டாள். எடுத்ததும் ஸ்டாண்டின் தலையை ஒரு துளி திருப்ப வேண்டும், ஆட்டம் அடங்கும்வரை பொறுக்க வேண்டும், பிறகு அமுக்க வேண்டும். அவசரப்படாமல் செய்கிறாள். அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஸ்டுடியோவில் முகங்களைத் திருத்திக்கொடுத்த கை அது. ஒரு மணப்பெண்ணின் கண்ணுக்கடியில் இருந்த கருவளையத்தை எடுத்துவிட்டு, பிறகு பாதியைத் திருப்பி வைத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "முழுசா எடுத்தா வேற ஆளாயிருவா, பாவம்" என்றாள். ஸ்டுடியோவில் அவள் நாற்காலி ஒரு வருடமாகக் காலியாகக் கிடக்கிறது. போன வருடம் அவளுக்கு இடது மார்பை எடுத்துவிட்டார்கள். நல்லவேளை, சீக்கிரமே பார்த்துவிட்டோம், இனிப் பயமில்லை, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முடி வளர்ந்துவிட்டது, முன்பைவிடச் சுருட்டையாக. சாப்பாடு இறங்குகிறது. நன்றி சொல்ல எத்தனையோ இருக்கிறது, அவன் தினமும் சொல்கிறான். ஆனால் வீட்டில் கட்டிலறைக் கதவு சாத்திக்கொள்கிறது. சேலை மாற்ற வேண்டுமென்றால் அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடுகிறாள். இத்தனை வருடம் ஒன்றாக வாழ்ந்த வீட்டில் அந்தத் தாழ்ப்பாளுக்கு ஒரு சத்தம் உண்டு என்பதே அவனுக்குத் தெரியாது. இப்போது தூக்கத்தில் கேட்டால்கூடத் தெரியும், முதலில் ஒரு உரசல், பிறகு ஒரு தட்டு. அவன் அடுக்களையில் நின்று காப்பி ஆற்றிக்கொண்டிருப்பான், ஆறிப்போன காப்பியையும் ஆற்றுவான். ஒரே ஒரு தடவை வாய் திறந்தான். "எனக்கு ஒண்ணும் வித்தியாசமில்ல ஜெனோ" என்றான். "எனக்கு இருக்கு" என்று அவள் சொன்னாள். சண்டை இல்லை, குரல்கூட உயரவில்லை, முறுக்குத் தட்டை அவன் பக்கம் நகர்த்திக்கொண்டே சொன்னாள். அதன்பிறகு ஸ்டுடியோவுக்கும் வரவில்லை, கைக்கு இப்போ பழைய நிதானம் இல்லை என்றாள். சங்குமேட்டுக்கு வருகிறாயா என்று பயந்து பயந்துதான் கேட்டான். எந்த லென்ஸ், எவ்வளவு நேரம், ஆம்பிளைகள் யாரும் இருக்க மாட்டார்களா என்று கேட்டாள். மாட்டார்கள், நானே இருக்க மாட்டேன் என்றான். அப்போதுதான் சரி என்றாள். காலையில் வண்டியில் லென்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள், வழியெல்லாம் உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு. அந்த ஒரு மணி நேரம் அவன் மனது கழுவி விட்ட தரைபோல இருந்தது.

அதனால்தான் இந்தப் பொத்தான் அவனை விட மாட்டேன் என்கிறது. படம் கலங்கினால் கலங்கட்டும், குழுவிடம் கையை விரித்துவிடலாம், சலேத்தம்மாளிடம் வசவு வாங்கிக்கொள்ளலாம், மாதாவும் எப்படியாவது சமாளித்துக்கொள்வாள். ஜெனோவா என்ன நினைப்பாள்? தன் கைதான் நடுங்கிவிட்டது என்று நினைப்பாள். பொத்தான்தான் காரணம், நான்தான் மறந்தேன் என்று அவன் சத்தியம் பண்ணினாலும், ஆறுதலுக்குச் சொல்கிறான் என்றே எடுத்துக்கொள்வாள். நான் அப்பவே சொன்னேன்ல என்பாள், மெதுவாகத்தான் சொல்வாள், உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்வாள். அந்த உரசலும் தட்டும் இப்போதே அவன் காதுக்குள் கேட்டது. இங்கிருந்தே ஒரு குரல் கொடுத்தால் என்ன? லென்ஸ் பக்கத்துல சின்னப் பொத்தான், அது மேல பாத்து இருக்கா கீழ பாத்து இருக்கான்னு பாரு. இரண்டு வரிதான். எழுந்துவிட்டான். புளிக்கையோடு கதவருகே போனான். பழைய தேக்குக் கதவு, வெயில் குடித்துச் சூடாக இருந்தது, பலகை இடுக்கிலிருந்து மெழுகுதிரியும் பிச்சிப்பூவும் கலந்த காற்று வந்தது. தட்டுவதற்குக் கையைத் தூக்கினான். அப்போது உள்ளே சிரிப்புக் கேட்டது. யாரோ எதையோ சொல்ல, இரண்டு மூன்று பேர் ஒன்றாகச் சிரித்தார்கள், சலேத்தம்மாளின் சிரிப்பு கட்டைக் குரலில் தனியாகத் தெரிந்தது. பாவிகளா, ஷட்டர் திறந்திருக்கும்போதா சிரிக்கிறீர்கள், தளம் அதிருமே என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாரும் சிரித்து ஓய்ந்தபிறகு, ஒரு மூச்சு பிந்தி, இன்னொரு சிரிப்பு கிளம்பியது. அது ஜெனோவாவினுடையது. எப்போதும் அப்படித்தான், மற்றவர்கள் முடித்தபிறகுதான் அவளுக்குச் சிரிப்பு வரும், வந்தால் நிற்காது, விக்கல்போல இழுத்து இழுத்து வரும். ஸ்டுடியோவில் அதற்காகவே அவளைக் கேலி செய்வான். அதைக் கேட்டு ஒரு வருடம் ஆகிவிட்டது என்பது இப்போது கேட்டபோதுதான் தெரிந்தது. தூக்கிய கை தூக்கியபடி நின்றது. கண் கலங்கிவிட்டது அவனுக்கு, புளிக்கையால் துடைக்கவும் முடியவில்லை. ஷட்டராவது மண்ணாவது, சிரிக்கட்டும். இப்போது தட்டினால் உள்ளே எல்லாரும் சட்டென்று வாயை மூடுவார்கள். ஆம்பிளைக் குரல் கேட்டதும் சேலையை இழுத்து மாதாவை மூடுவார்கள். ஜெனோவாவும் தன்னை மூடிக்கொள்வாள். என்னை நம்பாமத்தானே வந்து நின்னிய என்பாள். நியாயம்தானே? பொத்தானை மறக்கிறவன் நான், அவளா மறந்தாள்? வீட்டுக் கதவுக்கு முன்னாலும் இப்படித்தான் எத்தனை தடவை கையைத் தூக்கியிருக்கிறான். அங்கே தட்டாமல் வந்தது பயத்தில். இங்கே இறக்கியது பயத்தில் இல்லை. வேறு எதிலோ, பெயர் தெரியவில்லை, ஆனால் இறங்கிய கை லேசாக இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"தண்ணி கேட்டியளோ?" என்றார் இஞ்ஞாசி. "இல்ல, சும்மா" என்றான். சத்தம் நின்றுபோயிருந்தது. டக் இல்லை, பேச்சும் இல்லை. ரொம்ப நேரமாக எதுவுமே இல்லை. என்ன ஆயிற்று? மயக்கம் வந்துவிட்டதா? நின்றுகொண்டே இருந்தால் அவளுக்குக் கால் கடுக்கும், ஒரு முக்காலி போட்டுவிட்டு வந்திருக்கலாம். மாதாவின் சேலைக்கு உள்ளே எதையோ பார்த்துவிட்டாளா? புழு அரித்த மரம் எப்படி இருக்கும், அதை அவள் ஏன் பார்க்க வேண்டும், அவளைப் போய் இதற்குக் கூட்டிவந்தோமே, என்ன புத்தி இது, போயும் போயும் உடம்பு அரித்துப்போன ஒரு சுரூபத்தின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோமே என்று இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இத்தனை நேரம் பொத்தானைப் பிடித்துக்கொண்டு தொங்கியதே இதை நினைக்காமல் இருப்பதற்குத்தானோ என்னவோ. கடல் இரைந்துகொண்டே இருந்தது. பூவரசம்பூ ஒன்று தண்டுகளின் நடுவில் விழுந்தது, மஞ்சள் வாடிச் சிவந்த பூ. டக். வந்துவிட்டது. இரண்டாவது டக்கும் வந்தது. பழைய தாளம், முன்னைவிட நிதானமாக. தொபியாஸ் அடுத்த தண்டை எடுத்தான். தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு கரைந்து கையில் ஒட்டியது, உள்ளேயிருந்து மஞ்சள் எழுந்து வந்தது, நன்றாகத்தான் இருக்கிறது இந்த வேலையும். வரிசை முடிந்து அடுத்த வரிசைக்கு இறங்குகிறாள் போலிருக்கிறது. கடைசி வரிசை பாதமாக இருக்கும். பாதத்தில் பிறை நிலா உண்டா? உண்டென்றால் அதன் முனை ஒடிந்திருக்கிறதா? அவன் எடுக்கச் சொன்ன படம், அவன் பிடித்த ஃபோகஸ், அவன் ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. வருத்தப்பட்டுப் பார்த்தான், வருத்தம் வரவில்லை.

தாழ்ப்பாள் விலகியது. "வாங்க தம்பி, ஆச்சு" என்று சலேத்தம்மாள் கதவைத் திறந்தாள். மாடத்தில் மாதா மாம்பழ நிறப் பட்டில், மடிப்புக் கலையாமல், ஒன்றுமே நடக்காததுபோல நின்றாள். ஜெனோவா ஸ்டாண்டின் பக்கத்தில் நின்று கேமராவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவள் தோளிலும் ரவிக்கையிலும் மரத்தூள் மாவு மாதிரி அப்பியிருந்தது, சேலைத் தலைப்பில் யாரோ குத்திவிட்ட ஊக்கு ஒன்று தொங்கியது. "ஜெனோ, அந்தப் பொத்தான்" என்று தொடங்கினான். "அணைக்கல நீங்க" என்றாள் அவள். "மொத ரெண்டு படம் ஆடிட்டு. பெருசாக்கிப் பாத்துட்டு நான்தான் அணைச்சேன், திரும்ப மொதல்லருந்து எடுத்தேன். ஒங்க வீட்டுக்காரரக் கூப்பிடவான்னு சலேத்தக்கா கேட்டாவ, வேண்டாம்னுட்டேன்." "சிரிப்புக் கேட்டுச்சே?" "சிரிக்கும்போது அமுக்குவனா? எனக்குத் தெரியாதா?" தொபியாஸ் மணல் பையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

வண்டிக்கு நடக்கும்போது அவள்தான் பேசினாள். ஒரு வருடமாகச் சேர்த்து வைத்ததுபோலப் பேசினாள். "அவ்வொ எப்படி மாத்துதாவ தெரியுமா? நான் என்னமோ, முழங்கால் போட்டு, செபம் சொல்லி, அழுதுகிட்டே மாத்துவாவன்னு நெனச்சேன். ஒருத்தி வாயில ஊக்கக் கவ்விக்கிட்டு மருமக கத சொல்லுதா. இஞ்ஞாசியண்ணன் வீட்டம்மா கேஸ் சிலிண்டர் வரலன்னு பொலம்புதாவ. சலேத்தக்கா மாதா இடுப்பப் புடிச்சு, 'இங்கிட்டுத் திரும்பு தாயி'ன்னு திருப்புதாவ. பூச்சி அரிச்ச எடத்தத் தொடச்சு, பழைய துணிய மடிச்சு வச்சு, அது மேல சேலையச் சுத்தி..." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணியிருக்கேன்." "சொல்லாத" என்றான். "ஒருத்தரும் மூஞ்சியச் சுளிக்கல" என்றாள் அவள், கொஞ்சம் பொறுத்து. "எனக்குக் கையே ஓடல. கேமராவ விட்டுட்டுக் கொஞ்ச நேரம் நின்னுட்டேன். அப்புறம் சலேத்தக்கா, 'என்ன பாக்க, இந்தா மடிப்பப் புடி'ன்னு முந்திய என் கையில குடுத்துட்டாவ. நானும் புடிச்சேன்." அவ்வளவு நேரம் அந்தச் சத்தம் நின்றது அதற்குத்தானா என்று தொபியாஸ் நினைத்துக்கொண்டான். பூவரசு மூட்டிலிருந்து இஞ்ஞாசி கையை ஆட்டினார், தேய்த்த தண்டுகள் வெயிலில் கண்ணைப் பறித்தன.

வண்டியின் பின்கதவைத் திறந்து அவன் பைகளை அடுக்கத் தொடங்கினான். ஜெனோவா தலைப்பை உதறினாள், தூள் காற்றில் பறந்து அவன் முகத்தில் பட்டது. "படம் நல்லா வந்திருக்கு" என்றாள். "நீங்க பாக்க முடியாது." "தெரியும்." "இந்தச் சேலைய வீட்டுக்குப் போனதும் மாத்தணும், ஒரே தூசி." "ம்." அவள் ஊக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். கடலைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "கதவச் சாத்த மாட்டேன்" என்றாள்.

"சரி" என்றான் தொபியாஸ். ஸ்டாண்டைத் தூக்கி அப்படியே வண்டிக்குள் தள்ளிப் பின்கதவை அழுத்தினான். மூடவில்லை. பலங்கொண்ட மட்டும் இன்னொரு தடவை அழுத்தினான், அப்போதும் மூடவில்லை. "மொதல்ல ஸ்டாண்டோட கால மடக்குங்க" என்றாள் ஜெனோவா. அவன் திரும்பிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். அவன் சிரித்து முடித்தபிறகு அவள் சிரிக்க ஆரம்பித்தாள்.